கல்லைத் தூக்கியது யார்? டுக்கா மலைநகரில் ஒரு நாளும் ஒன்பதாம் வகுப்பில் நான்கு பாடவேளைகளும்

ஒன்பதாம் வகுப்பில் ‘செவ்வியல் உலகம்’ பாடம் நடத்தும்போது ரோமானியக் கட்டடக்கலையை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவது என் வழக்கம். வளைவுகள், குவிமாடங்கள், நீர்க்கால்வாய்கள், கொலோசியம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, “இவற்றையெல்லாம் ரோமானியர் கட்டினார்கள்” என்று சொல்வேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சொன்ன ஒரு பிற்பகலில், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், ரோமானியர்னா யாரு? கல்லைத் தூக்குனது யாரு?” என்றாள்.

அவளுடைய அம்மா கட்டட வேலையில் சித்தாள் என்பது எனக்குத் தெரியும். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, “அடிமைகள், கூலியாட்கள் எல்லாரும்தான்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் குறிப்பேட்டில் எதையும் எழுதவில்லை. அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில்தான் அது எனக்கு உறைத்தது. அவள் கேட்டது வரலாற்றுக் கேள்வி. நான் சொன்னது பதிலே அல்ல.

என் தம்பி வேலை நிமித்தம் துனீசியாவின் தலைநகரான துனிஸில் குடும்பத்துடன் இருக்கிறான். “ஒருமுறை வந்துபோ அக்கா” என்று பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தான். தடையின்மைச் சான்று, வெளிநாடு செல்ல அனுமதி, விசா என்று அலைந்து முடித்து, சென்ற மே விடுமுறையில் கிளம்பினேன். அங்கே கடற்கரையும் சந்தைகளும் நிறைய உண்டு. நான் கேட்டது ஒன்றே ஒன்று: “ரோமானியர் காலத்து ஊர் ஒன்றை முழுசாகக் காட்டு.” அவன் அழைத்துப் போனது டுக்கா.

மலைமேல் ஒரு ஊர்

துனிஸிலிருந்து தென்மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். லுவாஜ் என்று அங்கே சொல்லும் பகிர்வு வேனில் ஏறினால் தெபூர்சூக் என்ற சிற்றூரில் இறக்கிவிடுவார்கள். வண்டி நிறைந்தால்தான் புறப்படும், நம் ஊர் ஷேர் ஆட்டோ போலவே. தெபூர்சூக்கிலிருந்து வாடகைக் காரில் சில கிலோமீட்டர் ஏற வேண்டும். இரு பக்கமும் ஒலிவ மரங்கள், அவற்றுக்குக் கீழே பழுக்கத் தொடங்கிய கோதுமை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 570 மீட்டர் உயரத்தில், வாடி கல்லெத் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, மலைச் சரிவில் அந்த ஊர் கிடக்கிறது. மதிலும் வீடும் கோயிலும் தெருவுமாகச் சுமார் 75 ஹெக்டேர். 1997இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

நான் கற்பனை செய்து வைத்திருந்த ரோமானிய நகரம் சதுரங்கப் பலகை போன்றது. நேர்த்தெருக்கள், நேர்குறுக்குத் தெருக்கள். அல்ஜீரியாவில் உள்ள திம்காத் அப்படித்தான். பேரரசர் டிராஜன் கி.பி. 100இல் வெற்றிடத்தில் உருவாக்கிய ஊர் அது. டுக்காவில் ஒரு தெருவாவது நேராக இல்லை. வளைந்து, இறங்கி, திடீரென்று படிக்கட்டாகி, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் முடிகிறது. மலைக் கிராமங்களில் நாம் பார்க்கும் தெருக்கள் எப்படியோ அப்படி.

காரணம் எளிது. ரோமானியர் வருவதற்கு முன்பே இது ஊர். நுமிடியா அரசின் முக்கியமான நகரங்களில் ஒன்று. கி.மு. 146இல் கார்த்தேஜ் அழிக்கப்பட்டபோதுகூட இந்த ஊர் நுமிடிய அரசர்களிடமே இருந்தது. கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் அந்த அரசை ரோமுடன் இணைத்த பிறகுதான் ரோமானியரின் ஆட்சிக்குள் வந்தது. அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஒரே மலையில் இரண்டு சமூகங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. ஒன்று உள்ளூர் மக்களின் ஊராட்சி, மற்றொன்று ரோமானியக் குடியுரிமை பெற்றவர்களின் குடியிருப்பு. கி.பி. 205இல், செப்டிமியஸ் செவரஸ் காலத்தில்தான் இரண்டும் ஒரே நகராட்சியாயின. ஆக, பழைய தெருக்களை யாரும் இடித்து நேராக்கவில்லை. அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் கோயில்களையும் குளியல் மண்டபங்களையும் நுழைத்தார்கள்.

இது ஒன்றே நம் பாடத்துக்குப் பெரிய லாபம். “ரோமானிய நகரம்” என்றால் ஒரே அச்சில் வார்த்தது என்ற எண்ணம் மாணவர்களுக்கு வராமல் தடுக்க, திம்காத்தின் வான்வழிப் படத்தையும் டுக்காவின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் போதும். “எது முதலில் ஊராக இருந்தது?” என்று கேளுங்கள். பிள்ளைகளே சொல்வார்கள்.

உபயம்

நுழைந்ததும் கண்ணில் படுவது நாடக அரங்கு. மலைச்சரிவையே சாய்மானமாக வைத்து அரைவட்டப் படிகள். சுமார் 3,500 பேர் உட்காரலாம். மேல்படியில் உட்கார்ந்தால் மேடைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. தம்பி கீழே மேடையில் நின்று சாதாரணக் குரலில் “அக்கா, தண்ணி பாட்டில் எங்க?” என்றான். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 5,000 இருந்திருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 5,000 பேர் ஊருக்கு 3,500 இருக்கை எதற்கு? என் வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டபோது, “பக்கத்து ஊர்க்காரங்களும் வருவாங்க டீச்சர், திருவிழான்னா சும்மாவா?” என்று ஒரு பையன் சொன்னான். சரிதான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அது கல்லிலேயே எழுதியிருக்கிறது.

கி.பி. 168-169இல் இந்த அரங்கைக் கட்டிக்கொடுத்தவர் பூப்லியஸ் மார்சியஸ் குவாத்ராத்தஸ். நிரந்தரப் பூசாரிப் பதவி கிடைத்த மகிழ்ச்சியில், மேடை, திரைச்சீலை, தூண்வரிசை உட்பட எல்லாவற்றையும் தன் சொந்தப் பணத்தில் கட்டியதாகவும், திறப்பு விழாவுக்கு நாடகம் போட்டு, ஊருக்கு விருந்து வைத்து, அன்பளிப்பும் வழங்கியதாகவும் லத்தீன் கல்வெட்டு சொல்கிறது. ‘தன் பணத்தில்’ என்ற சொற்றொடர் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிறது. எனக்கு நம் ஊர்க் கோயில் குழல்விளக்குகள் ஞாபகத்துக்கு வந்தன. வெளிச்சம் வரும் இடத்தை விட்டுவைக்காமல் ‘உபயம்’ என்று பெயர் எழுதியிருப்பார்கள் அல்லவா, அதே சங்கதிதான், 1,850 ஆண்டுகளுக்கு முன்.

அரங்கிலிருந்து சற்று நடந்தால் கேப்பிடோல் கோயில். டுக்காவைப் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அட்டையில் இருப்பது இதுதான். ஜூபிட்டர், ஜூனோ, மினர்வா மூவருக்கும் கி.பி. 166-167இல் எடுத்த கோயில். முகப்பில் உயரமான தூண்கள், மேலே முக்கோண முகட்டில் பேரரசர் அன்டோனினஸ் பயஸைக் கழுகு விண்ணுக்குத் தூக்கிச் செல்லும் சிற்பம். இதையும் கட்டிக்கொடுத்தது மார்சியஸ் குடும்பம்தான். லூசியஸ் மார்சியஸ் சிம்ப்ளெக்ஸ், அவருடன் லூசியஸ் மார்சியஸ் சிம்ப்ளெக்ஸ் ரெகிலியானஸ். ரோமிலிருந்து வந்திறங்கிய படைத்தலைவர்கள் அல்லர், இந்த ஊரின் பெரிய குடும்பத்தார். சுற்றிலும் தெரிகிற கோதுமையும் ஒலிவமும்தான் இப்பகுதியின் செல்வம். ரோம் நகரம் உண்ட தானியத்தில் பெரும்பங்கு வட ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறியது. அந்தப் பணம் திரும்பி வந்து தூணாகவும் படிக்கட்டாகவும் நிற்கிறது.

கரும்பலகையில் நான் எழுதிய ‘ரோமானியர்’ என்ற சொல்லின் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டது. ரோமானியப் பெயர் வைத்துக்கொண்ட உள்ளூர்ச் செல்வந்தர்கள் கட்டிக்கொடுத்தார்கள். மறுபாதி, அதாவது கல்லைத் தூக்கியவர்கள்?

கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். முன்பக்கம் படம் எடுக்க நின்றவர்கள் யாரும் அங்கே வரவில்லை. பின்சுவர் முகப்பைப் போல் இல்லை. பெரிய கற்களைச் செங்குத்தாகத் தூண்போல நிறுத்தி, இடைவெளிகளைச் சிறு கற்களால் அடுக்கி நிரப்பியிருக்கிறார்கள். கட்டடக்கலை வல்லுநர்கள் இதற்கு ‘ஆப்பிரிக்கக் கட்டுமானம்’ என்றே பொருள்படும் லத்தீன் பெயர் வைத்திருக்கிறார்கள். கார்த்தேஜ் காலத்திலிருந்து இப்பகுதிக் கொத்தனார்கள் கையாண்ட முறை அது. முகப்பு ரோமின் பாணி, சுவர் உள்ளூர்க் கை. கொத்தனார் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் கை தெரிகிறது.

(இதை வகுப்பில் காட்டப் பணம் வேண்டாம். நான்கு செங்கல்லை நிறுத்தி, நடுவே சரளைக்கல்லை அடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் சரளையை மட்டும் வைத்து ஒரு சுவர் அடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் லேசாகத் தள்ளிப் பார்க்கட்டும். எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் தன் அப்பா இப்படித்தான் வயல் ஓரச் சுவர் வைப்பார் என்று வாதிட்டுக்கொண்டிருந்தான். வாதம் நடந்ததே எனக்குப் போதும்.)

கோயிலை ஒட்டி ஒரு சிறு சதுக்கம். தரைக்கல்லில் பெரிய வட்டம் செதுக்கி, அதைச் சுற்றிப் பன்னிரண்டு காற்றுகளின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது செப்தென்த்ரியோ, தெற்கிலிருந்து வருவது ஆஸ்டர், மேற்கிலிருந்து வருவது ஃபவோனியஸ், தென்மேற்கிலிருந்து வருவது ஆப்பிரிக்கஸ். நமக்கும் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு காற்று உண்டு. ஆறாம், ஏழாம் வகுப்பு ஆசிரியர்கள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டு, திசைகாட்டி வைத்து, நான்கு பெயரையும் எழுதவைக்கலாம். ஒரு வாரம் தினமும் காலைக் கூட்டத்தின்போது காற்று எந்தப் பெயரிலிருந்து வருகிறது என்று ஒருவர் குறித்தால், புவியியலும் தமிழும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும்.

குளியல் மண்டபங்களைப் பற்றி நிறைய எழுதலாம், நான் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும். சைக்ளோப்ஸ் குளியல் மண்டபத்தில் குதிரைலாட வடிவில் பன்னிரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்காரும் கழிப்பறை அப்படியே இருக்கிறது. இந்தப் படத்தை வகுப்பில் காட்டுவதானால் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் காட்டுங்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள்.

தாழ்வான இடத்தில் நின்ற கோபுரம்

மதியம் ஒரு மணி ஆகியிருந்தது. நிழல் இல்லாத மலை. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் யாரும் அங்கே போக வேண்டாம். நான் களைத்துப்போய், “போதும்டா, கிளம்பலாம்” என்றேன். எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி, வயதானவர், தலையை ஆட்டினார். அரபியில் ஏதோ சொன்னார். தம்பி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: “எல்லாரும் மேலேயே நின்னு படம் எடுத்துட்டுப் போயிடுறாங்களாம். ‘எங்களோடது கீழ இருக்கு’ங்கிறார்.”

ஊரின் தெற்கே, சரிவின் அடிப்பகுதியில், ஒலிவ மரங்களுக்கு நடுவே 21 மீட்டர் உயரமுள்ள ஒரு கல்லறைக் கோபுரம். மூன்று அடுக்கு, உச்சியில் கூம்பு, அதன்மேல் ஒரு சிங்கம். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ரோம் இங்கே வருவதற்கு முந்தைய நுமிடியர் கட்டடங்களில் இன்று நிற்பவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

இதில் ஒரு கல்வெட்டு இருந்தது. ஒரே செய்தி இரண்டு மொழிகளில்: ஒரு பக்கம் கார்த்தேஜியரின் பியூனிக், மறுபக்கம் உள்ளூர் மக்களின் லிபிய எழுத்து. 1631இல் தோமஸ் தார்க்கோஸ் என்ற பயணி இதைப் பார்த்துப் படியெடுத்தார். அவர் எடுத்துப் போனது தாளில் இருந்த படியை மட்டும்தான். 1842இல் துனிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தாமஸ் ரீட் கல்லையே எடுத்தார். எழுத்துள்ள கற்களைப் பெயர்ப்பதற்காகக் கோபுரத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு, 1852இல், அந்தக் கல்வெட்டு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. சிதறிக் கிடந்த கற்களைக் கொண்டு 1908 முதல் 1910 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் லூயி புவான்சோ கோபுரத்தை மீண்டும் எழுப்பினார். நான் பார்த்தது அந்த மீண்டெழுந்த கோபுரம். கல்வெட்டு இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

அந்தக் கல்வெட்டில் என்ன எழுதியிருந்தது? இதுதான் நான் அங்கே நின்றபோது தெரியாமல் இருந்து, இரவு தம்பி வீட்டில் படித்துத் தெரிந்துகொண்டது. முதலில் வருவது அதேபான் என்ற பெயர், அவன் தந்தை பெயர், பாட்டன் பெயர். நெடுங்காலம் அதேபான்தான் அந்தக் கல்லறையில் புதைக்கப்பட்ட இளவரசன் என்று நினைத்தார்கள். ஆனால் அடுத்தடுத்த வரிகளைப் பாருங்கள்: கல்வேலை செய்தவர்களின் பெயர்கள், தந்தை பெயரோடு. பிறகு மரவேலை செய்த தச்சர்களின் பெயர்கள், தந்தை பெயரோடு. பிறகு இரும்புவேலை செய்த கொல்லர்களின் பெயர்கள், தந்தை பெயரோடு. அதேபானும் இறந்தவன் அல்லன், கட்டியவர்களின் தலைவன் என்றே இன்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

மேலே உள்ள பெரிய கோயில்களில் பணம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கீழே இருந்த கோபுரத்தில் கொத்தனார், தச்சர், கொல்லர் பெயர் இருந்தது. என் மாணவியின் கேள்விக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே யாரோ பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

திரும்பி ஏறும்போது வழிகாட்டியிடம் அவர் ஊர் எது என்று கேட்டேன். இடிபாடுகளுக்கு நடுவே ஒரு மூலையைக் காட்டினார். அவருடைய தாத்தா பிறந்த வீடு அங்கே இருந்ததாம். ரோமானியக் கல், மேலே மண் கூரை. கடந்த நூற்றாண்டு வரை இந்த மலையில் மக்கள் குடியிருந்தார்கள். இடிபாடுகளைக் காப்பதற்காக அவர்களைக் கீழே சமவெளியில் புதிய டுக்கா என்ற ஊருக்குக் குடியேற்றினார்கள். காற்றுச் சதுக்கத்தின் அருகே நிற்கும் சிறிய மசூதி அந்த ஊரின் மிச்சம். “நல்லதுக்குத்தான் செஞ்சாங்க, கீழே தண்ணி வசதி இருக்கு” என்றார் அவர். சற்று நேரம் கழித்து, “ஆனா காத்து இங்கதான்” என்றார்.

இதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. பாரம்பரியச் சின்னம் காக்கப்பட வேண்டும், மக்களும் வாழ வேண்டும். இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதி, ஒன்பதாம் வகுப்பில் பட்டிமன்றமாக விட்டேன். முடிவு சொல்ல நான் நடுவராக இல்லை.

வகுப்பில் செய்தது

முதலில் தோற்றதைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், கைப்பேசியில் எடுத்த நூற்றிருபது படங்களைத் திறன் வகுப்பறைத் திரையில் ஓட்டினேன். பதினைந்தாவது தூணுக்குப் பிறகு பின் வரிசை தூங்கிவிட்டது. “டீச்சர், நீங்க ஏன் ஒரு படத்திலயும் இல்ல?” என்பதுதான் வந்த ஒரே கேள்வி. பயணப் படங்கள் எடுத்தவருக்கு மட்டுமே இனிக்கும். அடுத்த வாரம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மூன்றே படம் வைத்துக்கொண்டேன்: கோயில் முகப்பு, கோயிலின் பின்சுவர், கல்லறைக் கோபுரம்.

முதல் பாடவேளையில் முகப்பையும் பின்சுவரையும் காட்டி, மேலே சொன்ன செங்கல் வேலை.

இரண்டாம் பாடவேளையில் இருமொழிக் கல்வெட்டு விளையாட்டு. இதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். தெரியாத எழுத்தைத் தெரிந்த எழுத்தின் துணையோடு படிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்ய வைக்க வேண்டும். ஒரு அட்டையின் இடப்பக்கம் தமிழில் ஐந்து வரி எழுதினேன். எல்லாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள்: இன்னார் மகள் இன்னார், இன்னார் மகன் இன்னார். வலப்பக்கம் அதே ஐந்து வரிகளை நானே உருவாக்கிய குறியீடுகளால் எழுதினேன், ஆனால் வரிசையை மாற்றி. குழுவுக்கு ஓர் அட்டை, இருபது நிமிடம்.

முதலில் திகைத்தார்கள். பிறகு ஒரு குழு, எல்லா வரியிலும் நடுவே ஒரே குறியீட்டுக் கூட்டம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டது. “இது ‘மகள்’ டீச்சர்! இன்னொண்ணு ‘மகன்’!” அங்கிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நீளமான பெயர் எது, ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்கள் எவை என்று தேடினார்கள். டுக்கா கல்வெட்டிலும் அறிஞர்களுக்குக் கைகொடுத்தது இதேதான். பெயர்கள் எந்த மொழியிலும் ஏறத்தாழ அதே ஒலியோடு நிற்கும். ‘மகன்’ என்பதற்குப் பியூனிக்கில் ‘பன்’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் லிபியத்தில் ஒரே ஓர் எழுத்து, ‘உ’ என்ற ஒலி, வருகிறது. வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழிப் பெயர்களில் அந்த ‘உ’ இன்றும் மகனைக் குறிக்கிறது. லிபிய எழுத்தின் ஒலிகளை அறிய இந்தக் கல்வெட்டு பெரிதும் உதவியது. சகாரா பாலைவனத்து துவாரெக் மக்கள் எழுதும் திபினாக் எழுத்து அதன் வழிவந்ததே.

சாதவாகனர் வெளியிட்ட, ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழும் கொண்ட வெள்ளிக் காசுகளை இந்த இடத்தில் சொல்லலாம். சிந்துவெளி எழுத்துக்கு இப்படி ஓர் இருமொழிக் கல் இதுவரை கிடைக்கவில்லை என்பதையும் சொன்னால், அது ஏன் இன்னும் பிடிபடவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தானாகப் புரிகிறது. இதே அட்டையை ஆறாம் வகுப்பிலும் கொடுத்துப் பார்த்தேன். அவர்கள் ஒன்பதாம் வகுப்பை விட நான்கு நிமிடம் முன்னதாக முடித்தார்கள். இதை ஒன்பதாம் வகுப்பில் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாம் பாடவேளை, எடுத்துப் போவதும் படியெடுப்பதும். தார்க்கோஸும் ரீடும் ஒரே கல்லைப் பார்த்தார்கள். ஒருவர் தாளோடு போனார், ஒருவர் கல்லோடு போனார். இந்தப் பேச்சுக்குப் பின், வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பள்ளி வாசலுக்கு அழைத்துப்போனேன். எங்கள் புதிய வகுப்பறைக் கட்டடத்தின் திறப்பு விழாக் கல்வெட்டு அங்கே பதித்திருக்கிறது. தாளைக் கல்லின்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பும். கிரானைட்டில் எழுத்து ஆழமாக வெட்டியிருந்தால் அருமையாக வரும், வண்ணப்பூச்சு எழுத்தானால் வராது. ஈரமான கல்லில் தாள் கிழியும், காலையிலேயே செய்துவிடுங்கள்.

படியெடுத்த தாள்களோடு வகுப்புக்குத் திரும்பினோம். அதில் உள்ள பெயர்களை எண்ணச் சொன்னேன். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், நன்கொடையாளர். பதினான்கு பெயர். நான் எதுவும் சொல்வதற்குள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேள்வி கேட்ட மாணவியின் தங்கை, அவள் இப்போது இதே வகுப்பில் இருக்கிறாள், “கொத்தனார் பேரு எங்க டீச்சர்?” என்றாள்.

நான்காம் பாடவேளைக்கு நான் திட்டமிட்டிருந்தது தேர்வு. அதை விட்டுவிட்டோம். பிள்ளைகள் ஊருக்குள் விசாரிக்கக் கிளம்பினார்கள், வாய்மொழி வரலாற்றுச் செயல்பாடாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். நான்கு நாளில் மேஸ்திரி கிடைத்தார், பக்கத்துத் தெருக்காரர். அவர் மூலம் இரண்டு கொத்தனார்கள், கம்பி கட்டியவர் ஒருவர், கதவு செய்த தச்சர், மின்வேலை செய்தவர், ஏழு சித்தாள்கள். சித்தாள்களில் ஒருவர் எங்கள் மாணவிகள் இருவரின் அம்மா. நான் அவரை வகுப்புக்கு அழைத்தேன். வந்தார். பேச மாட்டேன் என்றார். பிறகு சாரம் கட்டுவது எப்படி, கலவை எத்தனைக்கு எத்தனை, மழை வந்த நாளில் சிமென்ட் மூட்டைகளை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று முப்பது நிமிடம் பேசினார். கல்லை எப்படித் தூக்குவது என்று ஒரு பையன் கேட்டான். “கல்லை யாரும் தூக்குறதில்லப்பா, கை மாத்துறதுதான்” என்றார்.

பிள்ளைகள் பெயர்ப்பட்டியலை டுக்கா கல்வெட்டின் முறையிலேயே எழுதினார்கள்: முதலில் கல்வேலை செய்தவர், பிறகு மரவேலை, பிறகு இரும்புவேலை, ஒவ்வொரு பெயருடனும் தந்தை பெயர். ஒரு மாணவி தாய் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றாள், சேர்த்தோம். அட்டையில் எழுதி, திறப்பு விழாக் கல்வெட்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டத் தலைமையாசிரியர் அனுமதி தந்திருக்கிறார். பட்டியலில் வெளியூர்ச் சித்தாள்கள் இருவரின் பெயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறோம். மேஸ்திரி விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.